பிள்ளையின் கண்ணில் ஆபாசம் படாமல் தடுப்பது எப்படி? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை தேடாமலே கண்ணில் படுகிற ஆபாசத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம், அதற்குக் காசும் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் போதும். ஆனால் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்த 15 வயதுப் பெடியனை எந்தச் செயலியாலும் நிறுத்த முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் ஒன்றில் "எப்பிடியும் பாக்கத்தானே போறாங்கள்" என்று எதுவுமே செய்யாமல் விடுகிறார்கள், இல்லாவிட்டால் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.

பூட்டி எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள்? 2020 இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது சூம் வகுப்புக்கென்று பிள்ளைகளின் கைக்குப் போன போன் பிறகு திரும்பி வரவேயில்லை. ரியூசன் குறிப்பு வட்ஸ்அப்பில் வருகிறது, பாஸ்ற் பேப்பர் ரெலிகிராமில் வருகிறது, சேர் வகுப்பு நேரத்தை மாற்றினால் அந்த அறிவித்தலும் குழுவில்தான். அதனால் போன் இருக்கும் என்று வைத்துக்கொண்டே மேலே போவோம். கீழே சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: உங்கள் போன்

ஓம், பிள்ளையின் போன் இல்லை, உங்களுடையது. சின்னப் பிள்ளை ஒன்றுக்குச் சொந்தப் போன் இருப்பதில்லை. அது பார்ப்பது அப்பாவின் போன், மாமாவின் போன், சாப்பாடு தீத்துவதற்காக அம்மம்மா கொடுத்த போன். அந்தப் போனில் பழைய மாணவர் குழு ஒன்று இருக்கும், வெளிநாட்டில் உள்ள நண்பர்களோடு ஒரு வைபர் குழு இருக்கும், அதில் இரவு 11 மணிக்கு யாரோ ஒருவர் பகிடி என்று நினைத்து ஒரு கிளிப்பைப் போட்டிருப்பார். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் அது தானாகவே இறங்கி உங்கள் கலரிக்குள் போய், மகளின் பிறந்தநாள் படங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் காலையில் பிள்ளை கலரியைத் தட்டும்.

வட்ஸ்அப்பில் 'செற்றிங்ஸ்' போய், 'ஸ்ரோரேஜ் அன்ட் டேற்றா' என்பதற்குள் 'மீடியா ஓட்டோ டவுன்லோட்' இருக்கிறது. மொபைல் டேற்றா, வைபை, ரோமிங் மூன்றிலும் உள்ள எல்லாச் சரி அடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். டேற்றாவும் மிஞ்சும். பிறகு 'சற்ஸ்' பகுதிக்குள் போய் அன்ரொயிட் போனில் 'மீடியா விசிபிலிற்றி', ஐபோனில் 'சேவ் ரு போட்டோஸ்', இவற்றை அணையுங்கள். இனிமேல் குழுவில் வருவது குழுவுக்குள்ளேயே கிடக்கும். வைபரிலும் இதே இரண்டு வேலை: 'மீடியா' பகுதியில் தானாக இறங்குவதையும் கலரியில் சேமிப்பதையும் நிறுத்துங்கள். கடைசியாக, வட்ஸ்அப் 'பிரைவசி' பகுதியில் 'குறூப்ஸ்' என்பதை 'மை கொன்ராக்ற்ஸ்' ஆக்குங்கள். அப்படிச் செய்தால் முன்பின் தெரியாதவர்கள் உங்களையோ பிள்ளையையோ நினைத்தபாட்டுக்குக் குழுக்களில் சேர்க்க முடியாது. பிள்ளையின் போனில் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

அடுத்தது, போனைக் கொடுக்கும் விதம். கார்ட்டூன் பார்க்கக் கொடுக்கிறீர்கள் என்றால் கார்ட்டூன் மட்டும் திறக்கிற மாதிரிக் கொடுங்கள். அன்ரொயிட்டில் 'செக்கியூரிற்றி' பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று இருக்கிறது, சில போன்களில் 'ஸ்கிரீன் பின்னிங்' என்றிருக்கும். அதையும், வெளியேறும்போது பூட்டு எண் கேட்கும் தெரிவையும் போட்டு யூரியூப்பைப் பின் பண்ணினால், உங்கள் பூட்டு எண் இல்லாமல் வேறு எதற்குள்ளும் போக முடியாது. ஐபோனில் இதற்குப் பெயர் 'கைடட் அக்செஸ்'. 'அக்செசிபிலிற்றி' பகுதியில் ஒருமுறை இயக்கி வைத்தால், பிறகு பக்கத்துப் பொத்தானை மூன்று தரம் அழுத்துவதோடு வேலை முடிந்தது.

படி 2: வீட்டு இணைப்பில் வடிகட்டி

எல்லாப் படிகளிலும் குறைந்த உழைப்பில் கூடிய பலன் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எது என்று உங்கள் போன் முதலில் ஒரு சேர்வரிடம் கேட்கிறது. அந்தச் சேர்வரைத்தான் டிஎன்எஸ் என்கிறோம். சாதாரணமாக டயலொக்கோ எஸ்எல்ரியோ, உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ்தான் பதில் சொல்லும், எதைக் கேட்டாலும் சொல்லும். அதற்குப் பதிலாக, ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் "அப்படி ஒன்றில்லை" என்று சொல்லிவிடுகிற டிஎன்எஸ் சேவைகள் இலவசமாக இருக்கின்றன. பிள்ளை தெரியாமல் ஒரு விளம்பரத்தைத் தட்டினாலும் பக்கம் திறக்காது, அவ்வளவுதான்.

மூன்று சேவைகளைச் சொல்கிறேன். கிளவுட்பிளேயர் நிறுவனம் 2020 இல் குடும்பங்களுக்கென்று தொடங்கியது 1.1.1.3, இரண்டாவது எண் 1.0.0.3. வேகமானது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கும். அட்கார்ட் குடும்ப டிஎன்எஸ் 94.140.14.15, இரண்டாவது 94.140.15.16. இது விளம்பரங்களையும் சேர்த்துத் தடுக்கும். கிளீன்பிரவுசிங் குடும்ப வடிகட்டி 185.228.168.168, இரண்டாவது 185.228.169.168. மூன்றிலும் இறுக்கமானது இதுதான்: கூகிள் தேடலையும் யூரியூப்பையும் கட்டாயமாகப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவரும், தடையைச் சுற்றிப் போக உதவுகிற விபிஎன் தளங்களையும் ரெடிற் போன்ற, சாதாரண விசயங்களும் ஆபாசமும் கலந்திருக்கிற தளங்களையும் மூடும். ஆனால் யூரியூப் பாதுகாப்பு நிலைக்குப் போனால் (அட்கார்ட்டிலும் இது நடக்கலாம்) பின்னூட்டங்கள் தெரியாது, சில சாதாரண வீடியோக்களும் மறையும், அப்பாமார் இரண்டு நாளில் முறைப்பாடு செய்யத் தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் தெரிவு அட்கார்ட். ஏனென்று படி 4 இல் சொல்கிறேன்.

இதை ரவுட்டரில் போடவேண்டும். ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், அதில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒரு எண்ணும், உள்நுழையும் பெயரும் பாஸ்வேர்ட்டும் இருக்கும். வைபையில் இணைந்திருக்கும்போது அந்த எண்ணைப் பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். 'டிஎச்சிபி' அல்லது 'லான்' என்ற பகுதியில் 'பிரைமரி டிஎன்எஸ்', 'செக்கண்டரி டிஎன்எஸ்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். மேலே சொன்ன சோடி எண்களில் ஒன்றைப் போட்டுச் சேமித்து, ரவுட்டரை ஒருதரம் நிறுத்திப் போடுங்கள். ஒரு சேவையின் எண்ணையும் இன்னொன்றின் எண்ணையும் கலக்க வேண்டாம். ஐபிவி6 (இணைய எண் முகவரியின் புதிய வகை) இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் தனியாக ஒரு டிஎன்எஸ் இருக்கும், அதை மாற்றாவிட்டால் வடிகட்டி பாதி நேரம்தான் வேலை செய்யும். மாற்றத் தெரியாவிட்டால் ஐபிவி6 ஐ அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்ரிக்கரில் உள்ள பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மகனும் ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்ப்பான்.

சில ரவுட்டர்களில் டிஎன்எஸ் பகுதி பூட்டியிருக்கும், அல்லது உங்கள் வீட்டில் ரவுட்டரே இல்லாமல் எல்லோரும் சிம் டேற்றாதான் பாவிப்பீர்கள். அப்போது போன் போனாகத்தான் செய்யவேண்டும். அன்ரொயிட் 9 தொடக்கம் எல்லாப் போனிலும் 'பிரைவேற் டிஎன்எஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. சாம்சங்கில் 'கொனெக்சன்ஸ்', அதற்குள் 'மோர் கொனெக்சன் செற்றிங்ஸ்'. மற்றப் போன்களில் 'நெற்வேர்க்' பகுதியில், இல்லையென்றால் செற்றிங்ஸ் மேலே உள்ள தேடலில் தட்டினால் வரும். இங்கே எண் எடுபடாது, பெயர் கொடுக்கவேண்டும். அட்கார்ட் என்றால் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல்: பமிலி, புள்ளி, அட்கார்ட், நடுக்கோடு, டிஎன்எஸ், புள்ளி, கொம். கிளவுட்பிளேயர் என்றால் அட்கார்ட் இருக்கும் இடத்தில் கிளவுட்பிளேயர், மற்றதெல்லாம் அப்படியே. இதில் நல்ல விசயம், வீட்டு வைபை, சிம் டேற்றா, ரியூசன் பக்கத்து வைபை, எங்கே போனாலும் வடிகட்டி கூடவே போகும். கூடாத விசயம், எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. வட்ஸ்அப்பிலோ ரெலிகிராமிலோ ஒருவர் அனுப்பிய வீடியோவை அதனால் மறிக்க முடியாது. எத்தனை வேலி அடைத்தாலும் எங்கேயாவது ஒரு பொட்டு இருக்கும். அதனால்தான் படிகள் இத்துடன் முடியவில்லை.

படி 3: பிள்ளையின் சொந்தப் போன்

அன்ரொயிட் என்றால் கூகிளின் 'பமிலி லிங்க்'. உங்கள் போனில் அந்தச் செயலியைப் போட்டு, பிள்ளையின் உண்மையான பிறந்த திகதியோடு ஒரு கணக்குத் திறவுங்கள். இங்கே அனேகம் பேர் விடுகிற பிழை இதுதான்: கெதியாக முடியட்டும் என்று போன் கடையில் வைத்தே ஏதோ ஒரு வருசத்தைப் போட்டு கணக்குத் திறந்து தருவார்கள், கூகிளின் கண்ணில் உங்கள் 10 வயதுப் பிள்ளை 25 வயது ஆள். பிறகு எந்தச் செயலியும் எந்தப் படமும் தாராளமாக வரும். அப்படி ஒரு கணக்கு இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பமிலி லிங்கில் செய்யவேண்டியவை அதிகமில்லை. கூகிள் தேடலில் 'சேப் சேர்ச்' இயங்குகிறதா என்று பாருங்கள். குரோமில், வெளிப்படையான தளங்களைத் தடுக்கும் தெரிவைப் போடுங்கள். 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும் தெரிவைப் போடலாம். பிளே ஸ்ரோரில் எந்தச் செயலியை இறக்குவதென்றாலும் உங்களிடம் அனுமதி கேட்கும்படி வையுங்கள். இதுதான் முக்கியம். விபிஎன் செயலி, வேறு பிரவுசர், ஒளித்துவைக்கும் கல்குலேற்றர் வடிவக் கலரி, எல்லாமே இந்த வாசலால்தான் வரவேண்டும். குரோமுக்குப் போட்ட தடை குரோமுக்கு மட்டும்தான், அதனால் போனோடு வந்த மற்றப் பிரவுசர்களையும் பமிலி லிங்கில் மறித்துவிடுங்கள்.

ஐபோன் என்றால் எங்கள் ஊரில் அது பெரும்பாலும் லண்டன் சித்தப்பாவோ கனடா மாமியோ பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பியதாக இருக்கும். முதலில் அதில் அவர்களின் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களைக் கொண்டே வெளியேறச் செய்து, போனை முழுதாக அழித்து, பிள்ளைக்கென்று கணக்குத் திறந்து உங்கள் குடும்பத்தோடு இணையுங்கள். அவர்களின் படங்கள் பிள்ளைக்கு வருவது அவர்களுக்கும் நல்லதில்லை. பிறகு 'ஸ்கிரீன் ரைம்' போய், போன் பூட்டு எண்ணிலிருந்து வேறான ஒரு எண்ணைப் போட்டு, 'கொன்ரென்ற் அன்ட் பிரைவசி' பகுதியை இயக்கி, இணைய உள்ளடக்கத்தில் வயதுவந்தோர் தளங்களை மட்டுப்படுத்தும் தெரிவைத் தொடுங்கள். இதைப் போட்டால் சபாரியில் வரலாறு பதியாத தனிப்பட்ட உலாவலும் தானாக நின்றுவிடும். 'கொமியூனிக்கேசன் சேப்ரி' என்பதையும் போடுங்கள், நிர்வாணப் படம் வந்தால் அதை மங்கலாக்கிக் காட்டும்.

படி 4: செயலிகளும், இலவசப் படத் தளங்களும்

யூரியூப்பில் 'றெஸ்ரிக்ரட் மோட்' போடுங்கள், வீட்டு ரீவியில் உள்ள யூரியூப்பிலும் போடுங்கள், ரீவியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரிக்ரொக்கில் 'பமிலி பெயரிங்' மூலம் உங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம். இன்ஸ்ராகிராம் 2024 இலிருந்து பதின்ம வயதினருக்கு இறுக்கமான கணக்குகளைத் தருகிறது, 16 வயதுக்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் இங்கேயும் வயதைப் பொய்யாகப் போட்டிருந்தால் ஒன்றும் வேலைசெய்யாது. எக்ஸ் தளம் (முந்தின ருவிற்றர்) 2024 இல் ஆபாசத்தை வெளிப்படையாகவே அனுமதித்து விதி எழுதிவிட்டது. அது பிள்ளையின் போனில் இருக்கத் தேவையில்லை, அதில் விவாதம் வேண்டாம். ரெலிகிராம்தான் சங்கடம், பாடக் குறிப்புக்குத் தேவை, அதேநேரம் எந்தப் பொதுக் குழுவையும் உள்ளிருந்தே தேடிச் சேரலாம். முடிந்தால் ரெலிகிராமை உங்கள் போனில் வைத்து, குறிப்பை இறக்கிப் பிள்ளைக்கு அனுப்புங்கள்.

இப்போது எங்கள் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்கிற ஒரு விசயம். வெள்ளிக்கிழமை வந்த புதுப்படத்தை ஞாயிறு இரவு குடும்பமாக இலவசமாகப் பார்க்கிறோமே, அந்தத் தளங்கள். படம் அவர்களுக்கு வருமானமில்லை, விளம்பரம்தான் வருமானம், ஒழுங்கான நிறுவனம் எதுவும் அங்கே விளம்பரம் தராது. எனவே சூதாட்டமும் ஆபாசமும்தான் மிஞ்சும். எங்கே தொட்டாலும் புதுப் பக்கம் திறக்கும். அப்பா ரீவியில் போட்டுத் தந்த அதே தளத்தை மகள் அடுத்த நாள் தன் போனில் தேடுவாள், இம்முறை பக்கத்தில் ஆளில்லை. அட்கார்ட்டை நான் தெரிவுசெய்தது இதற்காகத்தான், இந்த விளம்பரங்களில் பெரும்பகுதியை வராமலே செய்துவிடும். அந்தத் தளங்களை விட்டுவிடுவது அதைவிட நல்லது.

படி 5: சோதித்துப் பாருங்கள்

பிள்ளைகள் நித்திரையான பிறகு, அவர்களின் போனிலும் ரீவியிலும் நீங்களே தேடிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வைபையில் ஒருதரம், சிம் டேற்றாவில் ஒருதரம். தமிழ்ச் சொற்களையும், ஆங்கில எழுத்தில் தமிழையும் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் இந்த வடிகட்டிகளின் பார்வை ஆங்கிலத்தில் கூர்மையாகவும் தமிழில் மந்தமாகவும் இருக்கும். தமிழ்க் கதைகள் என்ற பெயரில் இருக்கும் வலைப்பதிவுகள் பல தப்பிவிடும். தப்பியதை பமிலி லிங்கிலோ ஸ்கிரீன் ரைமிலோ பெயர் போட்டு மறிக்கலாம். போன் அப்டேற் ஆன பிறகும், ரவுட்டர் மாற்றிய பிறகும் திரும்பப் பாருங்கள்.

படி 6: அம்மம்மா வீடும் இரவும்

அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலை என்றால் பிள்ளை பின்னேரம் முழுக்க அம்மம்மாவோடு. அவவின் போனுக்கும் படி 1, படி 2 இரண்டையும் செய்யுங்கள், அவவுக்கு விளக்கமும் சொல்லுங்கள், "உங்கடை போனிலை படம் வரும் அம்மா" என்று சொன்னால் விளங்கிக்கொள்வா. எந்தப் போனும் இரவில் படுக்கை அறைக்குள் போகாது, ஹோலில்தான் சார்ஜ் ஏறும் என்று ஒரு விதி போடுங்கள். விதி உங்களுக்கும்தான். நீங்கள் போனோடு படுத்துக்கொண்டு பிள்ளைக்குச் சட்டம் சொன்னால் எடுபடாது.

படி 7: கதையுங்கள்

இதைச் செய்யக் கூச்சப்பட்டுத்தான் பலர் செயலிகளைத் தேடுகிறார்கள். ஆறு ஏழு வயதிலேயே தொடங்கலாம், நீளமாக ஒன்றும் வேண்டாம்: "போனிலை உடுப்பில்லாத ஆக்களின்ரை படம் ஏதும் வந்தா, போனைக் கவிட்டு வைச்சிட்டு வந்து சொல்லு. நான் பேச மாட்டன், போனைப் பறிக்கவும் மாட்டன்." அந்தக் கடைசி வசனம்தான் உயிர். பிள்ளைகள் மறைப்பது வெட்கத்தால் மட்டுமில்லை, சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்தாலும்தான். ஒருநாள் வந்து சொன்னால், சொன்னபடி பேசாமல் இருங்கள். அன்றைக்குக் கத்தினால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியவராது.

பதின்ம வயதுப் பிள்ளையோடு கதைக்கும்போது கேள்வியாகக் கேட்காமல், காரில் போகும்போதோ கறிக்கு அரியும்போதோ, முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் சொல்லுங்கள். இதெல்லாம் காசுக்கு நடித்து எடுக்கிறது, உண்மையான உறவில் ஆக்கள் அப்படி நடப்பதில்லை, உன்னுடைய படத்தை யார் கேட்டாலும், விரும்புகிற ஆள் கேட்டாலும், அனுப்பாதே. இந்த மூன்றும் காதில் விழுந்தால் போதும். அப்பாவால் முடியாவிட்டால் பிள்ளைக்குப் பிடித்த மாமாவோ மச்சாளோ சொல்லட்டும்.

படி 8: ஏதும் நடந்துவிட்டால்

தற்செயலாகப் பார்த்துவிட்டது என்றால் அது பெரிய விசயமில்லை, எப்படி வந்தது என்று கேட்டு அந்த வழியை மூடுங்கள். ஆனால் பிள்ளையிடம் யாராவது படம் கேட்கிறார்கள், அல்லது படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் நிலைமை வேறு. காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். கணக்கையோ உரையாடலையோ அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அனுப்பியவரின் பெயர், எண், மிரட்டிய செய்தி, திகதி, இவற்றைத் திரைப்பிடி எடுத்துவிட்டுப் பிறகு மறியுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் சாட்சிக்கென்றும் யாருக்கும் அனுப்பாதீர்கள். "பாருங்கோ, எங்கடை ஊரிலை நடக்கிற கூத்தை" என்று சிறுவர் சம்பந்தப்பட்ட வீடியோவை எச்சரிக்கை என்ற பெயரில் குழுக்களில் பரப்புவதும் குற்றம்தான். அப்படியான படத்தைப் பரப்புவதற்கும் காட்டுவதற்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் தண்டனை இருக்கிறது, நல்ல நோக்கத்தோடு பரப்பினேன் என்பது உதவாது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு இருக்கிறது, அங்கே நேரடியாகவும் போகலாம். மானம் போய்விடும் என்று பயந்து இரண்டு கிழமை கடத்துகிறவர்கள் உண்டு, மிரட்டுகிறவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

படம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் 'ரேக் இற் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமற்போன, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துவது, எந்த நாட்டில் இருந்தும் பாவிக்கலாம். 18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருக்கவேண்டும். பெயர் கேட்காது, படத்தை வாங்கிக்கொள்ளவும் மாட்டாது. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், பேஸ்புக், இன்ஸ்ராகிராம், ரிக்ரொக் போன்ற இணைந்திருக்கும் தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடி எடுத்துவிடும். படம் போனில் இருந்தால்தான் இதைச் செய்யலாம், அதனால் பதற்றத்தில் முதலில் அதை அழித்துவிடாதீர்கள். அடையாளம் கொடுத்து, பொலிசிடமும் கேட்ட பிறகு அழியுங்கள்.